கட்டை சதுரமாக இருக்கும்போதே காடியை வெட்டுங்கள்
மரத்தில் லூர் செய்யும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

பழவேற்காட்டிலும் முட்டுக்காட்டிலும் கொடுவா மீனுக்குத் தூண்டில் வீசுகிறவர்கள் நீங்கள். ஏரிக்கும் கண்மாய்க்கும் விராலைத் தேடிப் போகிறவர்கள் நீங்கள். அதற்கான லூரை, அதாவது செயற்கை இரையை, கடையில் வாங்காமல் கையால் மரத்தில் செதுக்கிக்கொள்ளும் பொறுமையும் உங்களுக்கு இருக்கிறது. அந்தப் பொறுமையை மதித்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் வேலையில் ஒரே ஒரு படியைப் பற்றி உங்களிடம் நேராகப் பேச வேண்டியிருக்கிறது. லூரின் தாடையில், தண்ணீரை எதிர்கொள்ளும் தகடான லிப்பைச் செருக ஒரு காடி வெட்டுகிறோம் அல்லவா, அந்தக் காடியைப் பற்றி. உங்களில் பெரும்பாலானவர்கள் அதைக் கடைசியில் வெட்டுகிறீர்கள். உடம்பைச் செதுக்கி, உருட்டி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிய பிறகு, இடது கையில் லூரைப் பிடித்துக்கொண்டு வலது கையால் வாளை ஓட்டுகிறீர்கள். செதிலுக்கும் கண்ணுக்கும் வண்ணத்துக்கும் நாள்கணக்கில் செலவிடும் நீங்கள், லூர் நீந்துமா புரளுமா என்பதைத் தீர்மானிக்கும் வெட்டுக்குச் சில நிமிடங்களே ஒதுக்குகிறீர்கள். இந்த வரிசையை மாற்றுங்கள் என்று கேட்பதற்குத்தான் இந்த மடல். கட்டையின் பக்கங்கள் தட்டையாக இருக்கும்போதே காடியை வெட்டுங்கள். செதுக்குவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இது ரசனையைப் பொறுத்த விஷயமாக எனக்குப் படவில்லை. கணக்கைப் பாருங்கள். உங்கள் லூரின் உடம்பு 16 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். காடி ஒரு பக்கத்தைவிட மறுபக்கத்தில் 1 மில்லிமீட்டர் ஏறிவிட்டது. உருண்டையான உடம்பில் இந்த 1 மில்லிமீட்டரைக் கண் பிடிக்காது. ஆனால் 16-க்கு 1 என்றால் ஏறக்குறைய மூன்றரை டிகிரிச் சாய்வு. காடிக்குள் போகும் லிப்பும் அதே மூன்றரை டிகிரி சாய்ந்துதான் நிற்கும். அடுத்து காடியின் ஆழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 1 மில்லிமீட்டர் கூடுதலாக அறுத்துவிட்டால் லிப்பின் அடிவிளிம்பு கோணலாக உட்காரும். வெளியே 25 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் லிப்பின் நுனி நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் விலகிவிடும். பெரும்பாலும் இந்த இரண்டு பிழைகளும் சேர்ந்தே வரும். ஏனென்றால் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: உருண்டையான பொருளை வெறும் கையில் பிடித்துக்கொண்டு அறுத்தது.

மூன்றரை டிகிரி என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். இழுக்கும்போது தண்ணீர் லிப்பின் முகத்தில் மோதி மூக்கைக் கீழே அழுத்துகிறது. லிப்பின் இரண்டு ஓரங்களிலிருந்தும் நீர்ச்சுழல்கள் மாறி மாறிப் பிரிகின்றன. அதனால்தான் லூர் இடமும் வலமும் ஆடுகிறது. மீனைக் கூப்பிடுவது அந்த ஆட்டம்தான். லிப் சமமாக நின்றால் இரண்டு பக்கத்து விசையும் ஒன்றையொன்று ஈடுகட்டும். சாய்ந்து நின்றால் ஒரு பக்கத்து விசை எப்போதும் கூடுதலாகவே இருக்கும். லூர் அந்தப் பக்கம் ஓடும், கூடவே உடம்பும் புரளப் பார்க்கும். புரளாமல் பிடித்து வைத்திருப்பது வயிற்றுக்குள் நீங்கள் வைத்த ஈயம். இங்கேதான் சிக்கல். ஈயத்தின் எடை எப்போதும் ஒன்றுதான். தண்ணீரின் விசையோ வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. இரண்டு மடங்கு வேகத்தில் இழுத்தால் நான்கு மடங்கு விசை. ஆகவே கரையோரம் மெதுவாக இழுத்துப் பார்க்கும்போது நன்றாக நீந்திய லூர், வேகமாகச் சுற்றியதும் மல்லாந்து மேலே வந்துவிடுகிறது. படகின் பின்னால் கட்டிச் சீலாவுக்கும் வஞ்சிரத்துக்கும் இழுத்துப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மரம் சரியில்லை, ஈயம் போதவில்லை, மேல்பூச்சு கனத்துவிட்டது என்று அப்போது எதையெதையோ குற்றம் சொல்கிறோம். காடியை யாரும் சந்தேகிப்பதில்லை. பூச்சுக்கு அடியில் மறைந்துபோன ஒன்றை யார் சந்தேகிக்கப்போகிறார்கள்?

சதுரக் கட்டையில் இந்தப் பிழை வருவதே கடினம் என்பதுதான் என் வாதத்தின் உயிர். பக்கங்கள் தட்டையாக, ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும் கட்டையைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் அது மேசையில் அசையாமல் கிடக்கும். பேண்ட் சா, ஸ்க்ரோல் சா எதுவாக இருந்தாலும், பிளேடு மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறது என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டால், காடி இரண்டு பக்கங்களுக்கும் செங்குத்தாகத் தானாகவே விழும். அங்கே துல்லியத்தைக் கொடுப்பது மேசை. உங்கள் கண்ணுக்கும் கைக்கும் அந்தப் பாரம் இல்லை. எந்திரம் இல்லாதவர்களுக்கு மூலைமட்டம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் காடிக்கோட்டைக் கிழித்து, மூலைமட்டத்தை வைத்து அதைக் கட்டையின் அடிமுகத்துக்கு நேர்குறுக்காகக் கொண்டுபோய், அங்கிருந்து மறுபக்கத்துக்கு அதே கோணத்தில் இறக்க வேண்டும். அட்டை மாதிரியை இரண்டு பக்கமும் தனித்தனியாக வைத்து வரையாதீர்கள். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் இரண்டு கோடுகளும் சந்திக்காது. உருட்டிய உடம்பிலோ மூலைமட்டத்தை அணைத்து வைக்கவே ஒரு முகம் கிடையாது. நீங்கள் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், எதை வைத்து அளப்பீர்கள்?

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. நம் ஊர்த் தச்சர்கள் கட்டில் காலைக் கடைசல் பிடிக்கிறார்கள். சட்டம் வந்து சேரும் துளையை அவர்கள் எப்போது போடுகிறார்கள் என்று பாருங்கள். கட்டை சதுரமாக இருக்கும்போதே கோடு கிழித்துத் துளையைப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் கடைசல் பட்டறையில் ஏற்றுவார்கள். உருண்டு போன காலில் நேரான துளை போடுவது எவ்வளவு பாடு என்று அந்தக் கைகளுக்குத் தெரியும். காடி, துளை, கூர் என்று இணைப்பு வேலைகள் எல்லாம் முதலில், அழகு வேலை பிறகு என்பது தச்சுத் தொழிலின் அடிப்படை ஒழுங்கு. லூர் செய்யும்போது மட்டும் அதை நாம் ஏன் தலைகீழாக்கினோம்? எனக்குத் தோன்றும் காரணம் இது. இங்கே பலர் விராலுக்கான தவளை லூரிலிருந்தும் பாப்பரிலிருந்தும் தொடங்கினார்கள். அவை நீரின் மேல்பரப்பில் ஓடுபவை. அவற்றுக்கு லிப் கிடையாது. உடம்பைச் செதுக்கி, கொக்கி மாட்டி, வண்ணம் பூசினால் வேலை முடிந்தது. அந்த வரிசையையே லிப் வைத்த மினோவுக்கும் கிராங்க்பெய்ட்டுக்கும் கொண்டுவந்துவிட்டோம். அங்கே மன்னிக்கப்பட்ட கோணல் இங்கே மன்னிக்கப்படுவதில்லை.

உங்கள் மறுப்புகளை நான் அறிவேன். முதல் மறுப்பு பெரும் பெயரோடு வரும்: பின்லாந்தின் லவுரி ரப்பாலா 1936-இல் தன் முதல் லூரைச் செருப்புத் தைப்பவரின் கத்தியாலும் உப்புத்தாளாலும் செய்யவில்லையா? செய்தார். தக்கையில் செதுக்கினார், சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை மேலே ஒட்டினார், புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூச்சாகப் போட்டார். கையில் கத்தி மட்டும் இருந்தால் போதும் என்பதற்கு அவரைவிடச் சிறந்த சாட்சி இல்லைதான். ஆனால் அதே ரப்பாலாவின் பெயரில் வளர்ந்த நிறுவனம், ஒவ்வொரு லூரையும் தண்ணீர்த் தொட்டியில் நீந்தவிட்டுக் கையால் சரிசெய்த பிறகே வெளியே அனுப்புவதைத் தன் பெருமையாகச் சொல்லிவந்திருக்கிறது. கையால் செய்ததில் பிழை வரும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, அதைப் பிடிக்க ஒரு வழியையும் வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். ரப்பாலாவின் கத்தியை எடுத்துக்கொண்டு அவருடைய தொட்டியை விட்டுவிடுவது நியாயம் ஆகாது.

இரண்டாவது மறுப்புக்கு எடை அதிகம். காடியை முதலில் வெட்டிவிட்டால், செதுக்கும்போது அதற்குக் கீழே இருக்கும் மெல்லிய தாடைப் பகுதி ஒடிந்துவிடுகிறது என்கிறீர்கள். பால்சாவில் இது உண்மை. குமிழ், மலைவேம்பு போன்ற மரங்களிலும் நார் குறுக்காக ஓடும் இடத்தில் நடக்கக்கூடியதுதான். காடியால் பிரிக்கப்பட்ட தாடையில் நார் நீளமாக ஓடுவதில்லை. கத்தியின் அழுத்தத்தை அது தாங்காது. இதற்கு மருந்து எளியது. லிப்பின் தடிமனுக்குச் சமமான ஒரு துண்டை, லிப் வெட்டிய ஷீட்டின் கழிவாக இருந்தால் இன்னும் நல்லது, காடிக்குள் ஒட்டாமல் செருகிவிட்டுச் செதுக்குங்கள். காடி மூடிய நிலையில் இருப்பதால் தாடைக்கு முட்டு கிடைக்கும். பால்சா என்றால் தாடையின் வெளிப்புறத்தில் இரண்டு சொட்டு ஃபெவிக்விக்கை ஊறவிடுங்கள். காடிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதே துண்டு ப்ரைமரும் வண்ணமும் காடிக்குள் போகாமலும் காக்கும். தாடை ஒடியும் என்ற பயத்தால் காடியைக் கடைசிக்குத் தள்ளுகிறவர்கள், ஒடிந்தால் கண்ணுக்குத் தெரியும் ஒரு பிழைக்குப் பயந்து, எப்போதுமே கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழையை வாங்கிக்கொள்கிறார்கள்.

மூன்றாவது: "கண்ணியை வளைத்துச் சரிசெய்துகொள்ளலாமே." நரம்பு கட்டும் மூக்குக் கண்ணியைத்தான் சொல்கிறீர்கள். லூர் இடப்பக்கம் ஓடினால் கண்ணியை வலப்பக்கம் துளி வளைப்பது நல்ல வைத்தியம்தான். தொழிற்சாலையில் செய்த லூருக்கும் அது தேவைப்படுகிறது. ஆனால் அந்த வைத்தியம் பக்கவாட்டு ஓட்டத்துக்கு மட்டும். லிப்பின் சாய்வு உடம்பைப் புரட்டுகிறதே, அதைக் கண்ணி தடுக்காது. கண்ணியை வளைத்து நேராக ஓடவைத்த கோணல் லூர், அந்த வேகத்தில் மட்டுமே நேராக ஓடும். கொடுவா கவ்விக்கொண்டு பாய்ந்து ஒருமுறை தலையை உதறினால் கண்ணி நகர்ந்துவிடும். மறுபடி முதலிலிருந்து வளைக்க வேண்டும். கடைசித் துளிப் பிழையைத் துடைக்கக் கண்ணியை வளையுங்கள். மூன்றரை டிகிரியைச் சுமக்க அதனால் முடியாது.

காடியை முன்னதாக வெட்டுவதில் வேறொரு லாபமும் இருக்கிறது; எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. சதுரக் கட்டையில் காடியைச் சோதிக்க முடியும். லிப் வெட்டும் அதே ஷீட்டிலிருந்தோ அதே தடிமனுள்ள வேறொன்றிலிருந்தோ 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்ப்பட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். காடி இரண்டு பக்கமும் திறந்திருப்பதால் அந்தப் பட்டையைக் குறுக்காக நுழைத்து, இரண்டு பக்கமும் சமமாக நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். கட்டையை மூக்குக்கு நேராகக் கண்ணருகில் பிடித்து, பட்டையின் விளிம்பையும் கட்டையின் மேல்விளிம்பையும் ஒரே பார்வையில் பாருங்கள். நான் மேலே சொன்ன 1 மில்லிமீட்டர் பிழை இருந்தால், பட்டையின் ஒரு முனை நடுவைவிட ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் உயர்ந்தும் மறுமுனை அதே அளவு தாழ்ந்தும் நிற்கும். உடம்பில் மறைந்திருந்த பிழை முகத்தில் அறைந்தாற்போலத் தெரியும். அப்போது என்ன நஷ்டம்? ஒரு மரத்துண்டு. அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம். செதுக்கி, வண்ணம் தீட்டி, கண் ஒட்டி முடித்த லூரில் அதே பிழையைத் தண்ணீரில் போய்த்தான் கண்டுபிடிப்பீர்கள். அதற்குள் ஒரு வார உழைப்பு போயிருக்கும். புதிதாக வருகிறவர்கள் இந்தத் தொழிலை முதல் லூரோடு விட்டுவிடுவது ஏன் என்று கேட்கிறோம். அழகான லூர் ஒன்று தண்ணீரில் பம்பரமாகச் சுற்றுவதைப் பார்த்தவர் வேறென்ன செய்வார்?

காடியின் அகலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாங்கிய ஷீட்டுக்கு ஏற்ப வாளைத் தேர்ந்தெடுங்கள்; வாள் வெட்டிய அகலத்துக்குள் ஷீட்டை அடித்துத் திணிக்காதீர்கள். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சர்க்யூட் போர்டு பொதுவாக 1.6 மில்லிமீட்டர் தடிமன், பழைய சி.டி. 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட். இரண்டு ஆக்ஸா பிளேடுகளைச் சேர்த்துக் கட்டி அறுத்தால் சர்க்யூட் போர்டுக்கு ஒட்டிய அகலம் கிடைக்கும். எதற்கும் கழிவுக் கட்டையில் முதலில் அறுத்துப் பார்த்துவிடுங்கள். லிப் விரலால் தள்ளினால் போக வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக்கூடாது. அதைவிட இறுக்கமாக இருந்தால், செருகும்போது எபாக்சி முழுவதும் வழிந்து வெளியே வந்து, உள்ளே பசையே இல்லாத இணைப்பாகிவிடும். தொளதொளவென்று இருந்தால், பசை காய்வதற்குள் லிப் தன் இஷ்டத்துக்குச் சாயும். அப்போது நேராக வெட்டிய காடியும் வீண். லிப்பைச் செருகும் முன் காடியின் உள்சுவர்களில் மெல்லிய எபாக்சியைப் பூசிக் காயவிடுங்கள், பூசிய பிறகு லிப்பைப் போட்டு அகலத்தை மறுபடி பாருங்கள். லூருக்குள் தண்ணீர் நுழையும் முதல் வாசல் காடிதான். மரம் ஊறினால் உப்பும், உப்பினால் பூச்சு வெடிக்கும். சர்க்யூட் போர்டில் செப்புத் தகடு இருந்தால் முதலில் நீக்கிவிடுங்கள். அந்தப் போர்டை அறுக்கும்போது பறப்பது கண்ணாடி நார்த் தூள். முகக்கவசம் இல்லாமல், தண்ணீரில் நனைக்காமல், வீட்டுக்குள் குழந்தைகள் இருக்கும் அறையில் அதை அறுக்காதீர்கள். இதை மட்டும் நான் கெஞ்சியே கேட்கிறேன்.

"எங்களுக்குக் கலை முக்கியம், கோடும் மட்டமும் கையைக் கட்டிப்போடுகின்றன, கட்டையைப் பார்த்ததும் உள்ளே இருக்கும் மீன் தெரிய வேண்டும்" என்று சொல்கிறவர்களும் உங்களில் உண்டு. அவர்களோடு எனக்குப் பகையில்லை. முதுகின் வளைவும் வயிற்றின் பருமனும் வாலின் ஒடுக்கமும் முழுக்க உங்களுடையவை. காடியையும், நரம்புக் கண்ணிக்கும் ஈயத்துக்குமான துளைகளையும் மட்டும் கட்டை சதுரமாக இருக்கும்போது முடித்துவிட்டுப் பிறகு உங்கள் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன். அந்த மூன்றும் சரியாக அமைந்த கட்டையில் கத்தி எவ்வளவு துணிச்சலாகவும் போகலாம். உடம்பில் சின்னச் சின்ன ஏற்றத்தாழ்வு இருந்தாலும் லூர் நீந்திவிடும். லிப்பில் ஏற்றத்தாழ்வு இருந்தால் நீந்தாது. பக்கவடிவத்தை முதலில் அறுத்துவிட்டுக் காடியைப் பிறகு வெட்டுகிறவர்களோடும் எனக்கு வாதம் இல்லை. இரண்டு பக்கங்களும் இன்னும் தட்டையாக இருக்கின்றன, அது போதும். உருட்டத் தொடங்கிய பிறகு வெட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கடைசியாக என் கோரிக்கைகள். பிறருக்குக் கற்றுக்கொடுக்கிறவர்களே, நீங்கள் பகிர்ந்துகொள்ளும் அட்டை மாதிரிகளில் மீனின் வெளிக்கோடு இருக்கிறது, கண் இருக்கிறது, செதில்கூட இருக்கிறது; காடிக்கோடு இல்லை. அதையும் வரையுங்கள். காடியின் கோணம், ஆழம், அது எந்தத் தடிமன் லிப்புக்கானது என்ற மூன்றையும் பக்கத்தில் எழுதுங்கள். உடம்புக்கு ஏறக்குறைய நேராக நீட்டிய லிப் ஆழத்துக்குப் போகும், செங்குத்தாக இறக்கிய லிப் மேலாக ஓடி அகலமாக ஆடும் என்பதைப் புதியவர்கள் முதல் நாளே தெரிந்துகொள்ளட்டும். செய்முறையைச் சொல்லும்போது காடியை முதல் படியாகச் சொல்லுங்கள். விற்கிறவர்களே, மெதுவாகவும் வேகமாகவும் தண்ணீரில் இழுத்துப் பார்க்காத ஒரு லூரையும் விற்காதீர்கள். புரளும் லூரைக் குறைந்த விலைக்குக்கூடத் தள்ளிவிடாதீர்கள். வாங்குகிறவர் உங்கள் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார். கையால் செய்த லூர் என்றாலே இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார். புதிதாகத் தொடங்குகிறவர்களே, முதல் லூருக்கு முன் கழிவுக் கட்டைகளில் காடி மட்டும் வெட்டிப் பழகுங்கள். பட்டையை நுழைத்துப் பாருங்கள். பட்டை நேராக நிற்கும்வரை செதுக்கத் தொடங்காதீர்கள்.

உங்கள் மேசையில் இப்போது அரைகுறையாக உருட்டிய உடம்பு ஒன்று கிடந்தால் அதை அப்படியே இருக்கவிடுங்கள். புதிய சதுரக் கட்டை ஒன்றை எடுத்து, மூலைமட்டத்தை வைத்து, காடிக்கோட்டிலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்